விழுந்த பிறகு அம்மா நடப்பதே இல்லை

கேள்வி: அம்மாவுக்கு வயது 73. இருபது வருடமாகச் சர்க்கரை. நாலு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனாலும் பயந்துபோய் ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. சாப்பாடுகூடக் கட்டிலுக்கே போய்விடும். இப்போது கைத்தாங்கல் இல்லாமல் எழ முடியவில்லை. வயதானால் இப்படித்தானா டாக்டர்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வயதை மட்டும் குறை சொல்ல முடியாதம்மா. கோபித்துக்கொள்ளாதீர்கள், கட்டிலுக்குப் போகிற அந்தச் சாப்பாட்டுத் தட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆரோக்கியமான முதியவர்களையே 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை கரைந்திருந்தது. உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பது நாலு மாதம்.

நடக்க வைக்கும் முன், அன்று ஏன் விழுந்தார் என்று பாருங்கள். ஈரத்தரை என்று மட்டும் விட்டுவிட வேண்டாம். செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பாரானால், சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்தும் அப்படி ஆகலாம், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற பிறகு மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால், மாத்திரைகளை டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். கண்புரை இருக்கிறதா? தூக்க மாத்திரை? பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், டாக்டரிடம் சொல்லவே மாட்டார்கள். ஆனால் அதை நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. முறையாக நடைப்பயிற்சியும் காலுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்தவர்களில், 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் குறைவு. அம்மாவுக்கு ஆரம்பம் அவ்வளவு பெரிதாக வேண்டாம். சுவரோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, அதில் காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை உட்கார்ந்து எழட்டும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட் முதலில் சொல்லிக்கொடுத்தால் நல்லது. மதியம் ரசம் சாதம், இரவு இரண்டு இட்லி என்று ஓட்டினால் சதை எங்கிருந்து வரும்? சிறுநீரகம் சரியாக இருந்தால் முட்டை, மீன், சுண்டல், தயிர் தினமும் ஏதாவது கூடட்டும்.

நாளையிலிருந்து தட்டு சாப்பாட்டு மேசையில் இருக்கட்டும். கட்டிலிலிருந்து அங்கே வர எத்தனை நிமிடமாகிறது என்று தேதி போட்டுக் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, சர்க்கரை ரிப்போர்ட்டோடு அதையும் எடுத்துப் போங்கள்.