12 போர் (bore) துப்பாக்கி என்றால் எந்த 12 போர் தோட்டாவும் பொருந்துமா?

கேள்வி: அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி, அவர் காலமானபின் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு துப்பாக்கி டீலரிடம் பாதுகாப்பில் இருக்கிறது. உயில்படி எனக்கு வர வேண்டியது. குழலின் அடியில் ‘12’, ‘2½’ என்று பொறித்திருக்கிறது. என் மச்சானிடம் ‘12/70’ தோட்டா இருக்கிறது. “போர் ஒன்றுதானே, உள்ளே போனால் போதும்” என்கிறார். சரியா? லைசென்சை என் பெயருக்கு மாற்றித் தருவதாக ஒருவர் பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா? (டோங்காட் வாசகர்)

பதில்: உள்ளே போகும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

‘12 போர்’ குழலின் அகலத்தை மட்டுமே சொல்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 சம உருண்டைகள் வார்த்தால் ஓர் உருண்டையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு, அதாவது சுமார் 18.5 மில்லிமீட்டர். நீளக் கணக்கு வேறு. குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம் ‘சேம்பர்’, அதாவது தோட்டா அறை. உங்கள் ‘2½’ அந்த அறையின் நீளம்: இரண்டரை அங்குலம், துப்பாக்கி வழக்கில் ‘65 மில்லிமீட்டர்’ அறை. அறை முடிகிற இடத்தில் குழல் புனல்போல ஒடுங்குகிறது.

‘12/70’ல் உள்ள 70 மில்லிமீட்டர், சுட்டபின் தோட்டாவின் மடிந்த வாய் விரிந்த நிலையில் எடுத்த அளவு. சுடுமுன் அதே தோட்டா சுமார் 58 மில்லிமீட்டர்தான். அதனால் 65 அறைக்குள் சிக்கலின்றி நுழைந்துவிடும், துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுட்டதும் வாய் விரிய இடமில்லாமல் அந்த ஒடுக்கத்துக்குள் போய் அடைக்கும். ரவையும் (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) அதன் பின்னால் இருக்கும் அடைப்பானும் நெருக்கிக்கொண்டு வெளியேற, அழுத்தம் ஏறும். பழைய துப்பாக்கியென்றால் முதலில் உதை கூடும், பிறகு பூட்டு தளரும். குழல் மெலிந்திருந்தால் பிளக்கும். உங்கள் இடது கை அந்தக் குழலுக்கு நேர் கீழே இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். சில பிரிட்டிஷ் தோட்டாக்களில் 67 அல்லது 67.5 என்றிருக்கும். 65 அறைக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே பெட்டியில் அச்சிட்டிருந்தால் அவற்றைச் சுடலாம், அழுத்தத்தை அதற்கேற்பக் குறைத்தே நிரப்பியிருப்பார்கள். அச்சிட்டிருக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. ‘67 சுடலாமே, 70 சுடக்கூடாதா, மூன்று மில்லிமீட்டர்தானே’ என்பார்கள். சுடக்கூடாது. அறையைக் குடைந்து 70 ஆக்கித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள். குடைந்தால் குழல்சுவர் மெலியும்.

20 போர் தோட்டா எதையும் அதே பையில் போடாதீர்கள். அது 12 அறையைத் தாண்டி ஒடுக்கத்தில் சிக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். பின்னால் 12 போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போர் உறைகளை மஞ்சளில் செய்வதே இதற்காகத்தான்.

மற்ற பெயர்கள் சுருக்கமாக: தோளில் பதிவது கட்டை. குழலின் கீழே கை பிடிப்பது முன்கட்டை. குழலையும் கட்டையையும் இணைக்கும் இரும்புப் பகுதி ஆக்‌ஷன். குழல் வாயின் நெருக்கம் சோக், ரவை எவ்வளவு பரவும் என்பதை அது தீர்மானிக்கும். பழைய இறுக்கமான சோக்கில் ஸ்டீல் ரவை வேண்டாம். ரவை எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும்.

டீலரிடம் போகும்போது, இரண்டு அறைகளும் காலி என்று காட்டியபின் உங்கள் கண்முன்னே அவரையே துப்பாக்கியைப் பிரிக்கச் சொல்லுங்கள். புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த அடையாளமான ‘நைட்ரோ’ முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் அந்த மருந்து நிரப்பிய இன்றைய தோட்டா எதுவும் வேண்டாம். குழல், ஆக்‌ஷன், முன்கட்டை மூன்றின் எண்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் இருக்கும்போது முன்கட்டை மாறிப்போன கதைகள் உண்டு.

இனி அந்தப் ‘பணம் கொடுங்கள்’ ஆசாமி. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டு 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், அப்பாவின் லைசென்சை மகன் பெயருக்கு மாற்றுவது என்று ஒன்று கிடையாது. உங்களுக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் உங்களுடையதுபோன்ற ரவைத் துப்பாக்கிக்கென்றே (ஷாட்கன்) பயிற்சி முடித்து, முதலில் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு காவல்துறையின் எஸ்ஏபிஎஸ் 271 படிவத்தில் புது லைசென்சுக்கு விண்ணப்பம். இரண்டு விண்ணப்பங்களையும் உங்கள் வட்டாரக் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரியிடம் நீங்களே கொடுக்க வேண்டும். கோப்பு தலைநகர் பிரிட்டோரியாவுக்குப் போகும், அங்கே தூங்கும். கேட்டால் ‘பரிசீலனையில்’ என்ற ஒரே சொல். இந்தத் தாமதம்தான் தரகனுக்குப் பிழைப்பு. அவனுக்குக் கொடுத்த பணத்தால் கோப்பு ஒரு மேசைகூட நகராது.

லைசென்ஸ் உங்கள் பெயரில் வரும்வரை ஒரு தோட்டாகூட வாங்கவோ மச்சானிடமிருந்து பெறவோ கூடாது. டீலரிடம் மாதக் காப்புக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, மாதாமாதம் கட்டி ரசீது வைத்துக்கொள்ளுங்கள். ‘பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்’ என்று சிரிப்பவர், இரண்டு வருடம் கழித்துப் பாக்கிக்குத் துப்பாக்கியையே கேட்பார்.