பூ வளையமும் காக்கையும்

அன்புள்ள ஐயா,

சீன எழுத்தாளர் லூ சுன்னின் சிறுகதைகளை வாசித்து முடித்தேன். மக்களின் மனத்தைப் பிடித்த நோயைத் தீர்க்க மருத்துவப் படிப்பையே விட்டுவிட்டு எழுத வந்தவர் என்கிறார்கள். ஆனால் 'மருந்து' கதையில், போராடிச் செத்தவனின் ரத்தத்தில் தோய்த்த ரொட்டியைக் காசநோய்க்காரப் பையனுக்கு மருந்தென்று தின்னக் கொடுக்கிறார்கள். பையனும் பிழைக்கவில்லை. இப்படி எழுதியவரைப் போராட்ட எழுத்தாளர் என்று எப்படிச் சொல்வது? எழுத்தாளன் களத்தில் இறங்க வேண்டுமா, வேண்டாமா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்வி பட்டிமன்றத்துக்கு உரியது. கதைக்கே வருகிறேன். அதன் இறுதிக் காட்சியை நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

கல்லறைகளுக்குப் படையல் வைக்கும் சிங்மிங் நாள். ஒற்றையடிப் பாதைக்கு ஒரு பக்கம் மரண தண்டனையில் செத்தவர்களின் புதைமேடுகள், மறுபக்கம் ஏழைகளுடையவை. பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் அங்கே பார்த்துக்கொள்கிறார்கள். கொல்லப்பட்ட போராளி ஷியா யூவின் மேட்டில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பூ வளையம். யார் வைத்தது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. மகனின் ஆவிதான் ஏதோ சொல்கிறது என்று நினைக்கிறாள். இலையற்ற மரத்தில் இருக்கும் காக்கையைப் பார்த்து, நான் சொல்வது உன் காதில் விழுந்தால் அதை உன் மேட்டில் வந்து உட்காரச் செய் என்று மகனிடம் கேட்கிறாள். காக்கை அசையவில்லை. இருவரும் திரும்பி நடக்கும்போது ஒரு முறை கரைந்துவிட்டுத் தூர வானத்துக்குப் பறந்துவிடுகிறது.

பூவை வைத்தது லூ சுன்தான். 1922 டிசம்பரில் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் அவரே ஒத்துக்கொள்கிறார். பழமையை எதிர்த்த புதுப் பண்பாட்டு இயக்கத்தின் 'தளபதிகள்' அவநம்பிக்கையை விரும்பவில்லை. அதனால் வலிந்து வைத்தாராம். இயக்கத்துக்கு அவர் கொடுத்த சந்தா அந்தப் பூ. காக்கையை மட்டும் யாருக்காகவும் இறக்கிவிடவில்லை. எனக்கு அவர் பெரிய எழுத்தாளராகத் தெரிவது அங்கேதான்.

எழுத்தின் பலத்தைப் பற்றியும் அவருக்கு மயக்கம் கிடையாது. 1927 ஏப்ரல் 8 அன்று வாம்போவா ராணுவப் பள்ளி மாணவர்களிடம் பேசும்போது, கவிதை எழுதி, போர்ப்பிரபு சுன் சுவான்ஃபாங்கை விரட்ட முடியாது, பீரங்கிதான் விரட்டும் என்றார். எழுத்தாளரை மேடையேற்றியவர்கள் கேட்க விரும்பும் பேச்சா இது! நான்கே நாளில் ஷாங்காயில் தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக்கின் ஆட்கள் கம்யூனிஸ்டுகளையும் தொழிலாளர்களையும் கொன்று குவித்தார்கள்.

அவர் ஒதுங்கிக்கொள்ளவும் இல்லை. 1930இல் ஷாங்காயில் இடதுசாரி எழுத்தாளர் சங்கம் தொடங்கியபோது முன்னால் நின்றார். 1942இல் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானில் எழுத்தாளர்களிடம் மாவோ பேசியபோது அவர் உயிரோடு இல்லை. லூ சுன்னின் அங்கதம் இருண்ட ஆட்சிக்கு எதிரானது, இங்கே மக்களைப் பற்றி அப்படி எழுதக் கூடாது என்றார் மாவோ. அதாவது பூ வேண்டும், காக்கை வேண்டாம். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பெண் எழுத்தாளர் டிங் லிங், புரட்சித் தளத்திலேயே பெண்கள் படும் பாட்டை எழுதிக் கண்டனம் வாங்கியிருந்தார். பிறகு அவர் எழுதிய நாவலுக்கு ஸ்டாலின் பரிசும் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் வலதுசாரி என்ற முத்திரையும் விழுந்தது.

நீங்கள் கேட்ட 'களம்' பற்றி ஒன்று சொல்கிறேன். 1931 பிப்ரவரி 7 அன்று ஷாங்காயின் லோங்ஹுவாவில் இடதுசாரி எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து எழுத்தாளர்களைச் சியாங் கை ஷேக்கின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் டிங் லிங்கின் கணவர் ஹூ யேபின். இன்னொருவர் லூ சுன்னுக்கு மிக நெருக்கமான ரோ ஷி. ஊரில் இருந்த ரோ ஷியின் தாய்க்குக் கண் தெரியாது. மகன் செத்த செய்தியை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிங் லிங்கின் 'பெய்தோ' இதழ் தொடங்கியபோது ரோ ஷியைப் பற்றி எழுத நினைத்தார் லூ சுன், முடியவில்லை. ஜெர்மன் ஓவியர் கேதே கொல்விட்ஸின் மரச்செதுக்குப் படம் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தார். துயரத்தோடு மகனைப் பலிகொடுக்கும் ஒரு தாயின் படம். அது ரோ ஷிக்கான அஞ்சலி என்பது அப்போது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.