ஏற்றுமதிக்கென்றே ஆலைகள் கட்டும் ஆப்பிரிக்க நாடுகளுக்கு உள்நாட்டுச் சந்தை எதற்கு?

எத்தியோப்பியாவைப் பார்த்தாலே இதற்குப் பதில் கிடைக்கும். 2016-ல் ஹவாசா நகரில் பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்பூங்கா திறந்தார்கள். தைத்த துணியெல்லாம் வெளிநாட்டுக்கு. ஆப்பிரிக்கப் பொருள்களை வரியில்லாமல் இறக்க வழி செய்த அமெரிக்காவின் 'அகோவா' சட்டம் தந்த சலுகைதான் அதன் பெரிய பலம். நாட்டின் வடக்கே டிக்ராய் பகுதியில் நடந்த போரைக் காரணம் காட்டி 2022 ஜனவரியில் அமெரிக்கா அந்தச் சலுகையை நிறுத்தியது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில், பிவிஎச் என்ற அமெரிக்க ஆடை நிறுவனம் அந்தப் பூங்காவில் இருந்த தன் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது. வேலை இழந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள். பத்துக் கோடிக்கும் மேல் மக்கள் உள்ள நாட்டில், தைத்த சட்டையை வாங்க உள்ளூரில் வழி இல்லாமல் போனதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

சரி, அங்கேயே விற்றிருக்கலாமே? அவ்வளவு எளிதல்ல. துணி, நூல், பித்தான் எல்லாம் ஏற்றுமதிக்கென்று வரியில்லாமல் இறக்கியவை; அப்படியே உள்ளூரில் விற்க அப்போது விதி இடம் தரவில்லை. கூலியும் மிகக் குறைவு, தைத்தவரே வாங்க முடியாது.

இதற்கு நேர்மாறானது தலைநகர் அடிஸ் அபாபாவின் மெர்காட்டோ பகுதிச் செருப்புப் பட்டறைகள். சீனக் காலணிகள் வந்து குவிந்தபோது பல பட்டறைகள் மூடப்பட்டன. மிஞ்சியவர்கள் தரத்தையும் வடிவத்தையும் மேம்படுத்தி உள்ளூர் வாடிக்கையாளர்களைத் திரும்பப் பிடித்தார்கள். அப்புறம் சிலர் ஏற்றுமதிக்கும் போனார்கள். முதலில் உள்ளூர், பிறகு ஏற்றுமதி: இந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன்.