அல்சாஸ் வைன் கிராமங்களில் எங்கே, எப்போது சாப்பிடலாம்?

பிரான்ஸில் இருக்கும் பிள்ளைகளிடம் போகும் நம் பகுதிப் பெற்றோரைப் பிள்ளைகள் கிழக்கே அல்சாஸின் திராட்சைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்கிறார்கள். அங்கே உணவகச் சமையலறைகளில் நெடுங்காலம் வேலை செய்து ஊர் திரும்பியவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (களுவாஞ்சிகுடி): ஐயா, மகன் எங்களை அல்சாஸிலுள்ள கோல்மார் நகருக்கு ஒரு நாள் கூட்டிச்செல்கிறார். சாப்பாட்டுக்கு எங்கே போகலாம்?

பதில்: முதலில் மதியச் சாப்பாட்டின் நேரத்தை உறுதிசெய்துவிட்டு, தோட்டம் பார்ப்பதை அதற்கு முன்னும் பின்னுமாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சமையலறைகள் மதியம் 12 மணிக்குத் திறந்து 2 மணிக்குள் அடுப்பை அணைத்துவிடும் என்பதால், நம் வீடுகளில் போல மூன்று மணிக்கு இலை போடலாம் என்று இருந்தால் பசியோடுதான் திரும்ப வேண்டிவரும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் பூட்டியிருக்கும்.

திராட்சைத் தோட்டக் கிராமங்களின் ஊடாகச் செல்லும், 1953இல் தொடக்கிவைக்கப்பட்ட வைன் பாதை, மார்லென்ஹைம் என்ற ஊரிலிருந்து 'தான்' என்ற ஊர் வரை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் நீள்கிறது. ஒரு நாளில் அதை முழுதாகப் பார்க்க முயல வேண்டாம். கோல்மாருக்குப் பக்கத்திலுள்ள எகிஷைம் அல்லது கைசர்ஸ்பேர்க் போதும். அங்கே 'வின்ஷ்டுப்' எனப்படும், மரப்பலகை பதித்த சிறு உணவகங்களைத் தேடுங்கள். பல மொழிகளில் படங்களோடு நீண்ட பட்டியல் தொங்கும் கடையைத் தாண்டி, கரும்பலகையில் அன்றைய சாப்பாடு ஒன்றிரண்டை மட்டும் எழுதி வைத்திருக்கும் கடைக்குள் நுழைவதே என் வழக்கம்.

கேள்வி (ஆரையம்பதி): நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. 'பெக்கெஓஃப்' என்பதை எல்லோரும் புகழ்கிறார்களே?

பதில்: புகழத் தக்க உணவுதான், ஆனால் உங்களுக்கு ஏற்றதல்ல. மாடு, ஆடு, பன்றி ஆகிய மூன்று இறைச்சிகளையும் வெள்ளை வைனில் ஊறவைத்து, உருளைக்கிழங்கோடு மண்சட்டியில் அடுக்கி, மூடியைச் சுற்றி மாவுத் திரி ஒட்டி, மணிக்கணக்கில் போறணையில் வேகவிடுவார்கள். நீங்கள் 'தார்த் ஃப்ளாம்பே' கேளுங்கள். மெல்லிய மாவில் புளித்த பாலாடையும் சீவிய வெங்காயமும் பன்றித் துண்டுகளும் பரப்பி, கடும் சூட்டில் ஓரம் கருகச் சுட்டு, மரப்பலகையிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். அதைச் சுருட்டிக் கையாலேயே சாப்பிடலாம். பன்றி வேண்டாமென்றால், அதைப் போடாமல் காளான் மட்டும் போட்டுத் தரமுடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் மாலையில் மட்டுமே சுடுவார்கள்.

கேள்வி (காத்தான்குடி): எங்களைப் போன்றவர்கள் அங்கே எதை நம்பிச் சாப்பிடுவது?

பதில்: வின்ஷ்டுப் உணவில் உங்களுக்குப் பொருந்துவது மிகக் குறைவு என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். புளித்த கோவாவான 'சூக்ரூத்' கூட வழக்கமாக வைனிலும் கொழுப்பிலும் வேகிறது; மீனோடு பரிமாறினாலும் அதன் குழம்பில் பெரும்பாலும் ரீஸ்லிங் வைன் சேர்ந்திருக்கும். கொதித்தால் மது முழுதாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம், ஒரு பங்கு தங்கவே செய்யும். கோல்மாரிலும் ஸ்ட்ராஸ்பூரிலும் துருக்கியரும் வட ஆபிரிக்காவின் மக்ரெப் நாட்டவரும் நடத்தும் ஹலால் கடைகள் இருக்கின்றன. சாப்பாட்டை அங்கே முடித்துக்கொண்டு கிராமங்களைப் பார்க்கப் போங்கள். சில தோட்டக்காரர்கள் புளிக்காத திராட்சைச் சாறும் விற்கிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (திருக்கோவில்): வெள்ளிக்கிழமை மரக்கறிதான். பட்டினி கிடக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. 'பிபெலஸ்கேஸ்' என்று ஒன்று இருக்கிறது: நம் எருமைத் தயிரைத் துணியில் கட்டி வடித்தது போன்ற கெட்டியான வெண்பாற்கட்டியில் பூண்டும் வெங்காயத்தாளும் கலந்து, பொரித்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். சில கடைகளில் பன்றித் துண்டும் பக்கத்தில் வைப்பதால், வேண்டாமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கல்முனை): செலவு எப்படி? வைன் சுவைத்துவிட்டு மகன் வாகனம் ஓட்டலாமா?

பதில்: விலைப்பட்டியலை வாசலிலேயே ஒட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம், சேவைக் கட்டணமும் அந்த விலைக்குள் அடங்கும். போத்தல் தண்ணீருக்குப் பதிலாக 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராம் மதுவே ஓட்டுநருக்கான எல்லை, புதிதாக உரிமம் பெற்றவருக்கு 0.2 கிராம், ஆகவே ஓட்டுபவர் சுவைக்கவே வேண்டாம். எல்லோருமே சுவைக்க விரும்பினால் கோல்மாரிலிருந்து மூன்ஸ்டர் பள்ளத்தாக்குக்கு இரயிலில் போய், அவ்வூர்ப் பெயரையே கொண்ட மணம் மிகுந்த பாற்கட்டியை அங்கேயே சாப்பிட்டுப் பார்க்கலாம்.