முறுக்குச் சத்தமும் நம் குரலும்: கேள்வி பதில்

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் குரலைப் பற்றியே.

கேள்வி (ஹட்டன்): தம்பி, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிட்டு நானே போட்டுக் கேட்டேன். கீச்சுக்குரலாக இருக்கிறது. போன் கோளாறா?

பதில்: போன் மீதும் கொஞ்சம் பழி போடலாம் அக்கா. அதன் சின்ன ஸ்பீக்கரில் கனத்த ஒலி சரியாக வராது. ஆனால் பெரிய காரணம் உங்கள் மண்டை ஓடு. ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். உங்களுக்குக் கல் உடைக்கிற சத்தம், பக்கத்தில் இருப்பவருக்கு லேசாக ஒரு 'நொறுக்'. தாடை எலும்பு வழியாகச் சத்தம் நேரே உள்காதுக்குப் போய்விடுகிறது. பேசும்போதும் அதே கதைதான். வாயிலிருந்து காற்றில் வருவது ஒரு பங்கு, தொண்டையின் அதிர்வு எலும்பில் ஏறி வருவது இன்னொரு பங்கு. எலும்பு கனத்த ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கும். இரண்டு பங்கும் ஏறக்குறையச் சமம் என்று 1949இல் பெக்கேசி எழுதினார். காது பற்றிய ஆய்வுக்காக 1961இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். பதிவில் காற்றின் பங்கு மட்டுமே இருக்கும்.

கேள்வி (அதே அக்கா): அப்போ மகனுக்குக் கேட்பது எது?

பதில்: பதிவில் இருப்பதுதான். பிறந்ததிலிருந்து அவன் கேட்ட அம்மா குரலே அதுதான். அவனுக்கு எங்கே கீச்சு?

கேள்வி (கம்பளை): பஸ் நடத்துநர் நான். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை இறங்கும்போது என் குரல் பானைக்குள் பேசுவது போல ஆகிறது.

பதில்: நுவரெலியா சுமார் 1,868 மீட்டர் உயரம். கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்ளே தள்ளும். வெளிச்சத்தம் மங்கும், எலும்புவழிக் குரல் மட்டும் ஓங்கி நிற்கும். எச்சில் விழுங்குங்கள், இல்லை கொட்டாவி விடுங்கள். அப்போது காதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் அது சீக்கிரம் திறக்காது. நாள் கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (தலவாக்கலை): எனக்கு 14 வயது. பேசும்போதே குரல் உடைகிறது. பதிவில் இன்னும் கேவலம்.

பதில்: குரல்வளை வளர்கிற வயது. கொஞ்சம் பொறு தம்பி.

கேள்வி (மஸ்கெலியா): காமன் கூத்தில் பாடுகிறேன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு பாடச் சொல்கிறார் மாஸ்டர். எதற்கு?

பதில்: தப்பு மேளத்தின் சத்தத்தில் சுருதி தொலையாமல் இருக்கத்தான். பொத்திய காதில் தப்பு குறையும், சொந்தக் குரலோ கூடும். எலும்பு வழியாக வந்த அதிர்வு காதுத் துளையால் வெளியேற முடியாமல் உள்ளேயே நிற்பதால் அப்படி. ஆனால் இரண்டையும் பொத்திவிடாதீர்கள். அப்புறம் தப்பு ஒரு தாளம், நீங்கள் ஒரு தாளம்.