ஒன்பதுக்கு ஒன்பது ஜெயித்தும் கலைக்கப்பட்ட கல்லூரி அணி

கேள்வி: ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல், அப்படியே காணாமல் போன அணி எதையாவது உங்களுக்குத் தெரியுமா?

தெரியும். 1951-ஆம் வருடத்து சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக ஃபுட்பால் அணி. ‘டான்ஸ்’ என்பார்கள் (நடனம் இல்லை, ‘டான்’ என்பதன் பன்மை). ஒன்பது ஆட்டம் ஆடி ஒன்பதிலும் ஜெயித்தார்கள். அடுத்த வருடம் அந்தக் கல்லூரியில் ஃபுட்பாலே இல்லை.

ஃபுட்பால் என்றதும் நம் ஊர் ஆட்டத்தை நினைக்க வேண்டாம். முட்டை மாதிரி இருக்கும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிராளிகள் மேலே விழுந்து அமுக்குகிற அமெரிக்க ஆட்டம் இது.

எனக்கு இது தெரிந்ததே தற்செயல்தான். வேலைக்காக சான் பிரான்சிஸ்கோ வந்த புதிதில், கோல்டன் கேட் பூங்காவின் மூலையில் இருக்கும் கேசர் மைதானத்துக்குக் காலையில் ஓடப் போவேன். ஓடுவது என்று சொல்லிக்கொள்வதுதான், பாதி நேரம் நடை. அங்கே தினமும் வரும் ஒரு பெரியவர், “நீ நடக்கிற இடத்தில் யார் யார் ஓடினார்கள் தெரியுமா?” என்று ஆரம்பித்தார். அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

அவர் சொன்ன முதல் பெயர் ஆலி மாட்சன். அந்த சீசனில் பந்தோடு ஓடியே 1,566 கெஜம் எடுத்தவர், 21 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோடிக் கோட்டைத் தாண்டுவது, நம் ஊர் கோல் மாதிரி). இரண்டிலும் நாட்டிலேயே அவர்தான் முதல். நியூயார்க்கில் ஃபோர்டம் அணியோடு நடந்த ஆட்டத்தை மட்டும் பாருங்கள். எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைத் தன் பக்கக் கோடியில் பிடித்து, மைதானத்தின் மறு கோடி வரை ஓடி டச்டவுன் போட்டார், 94 கெஜம். ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம். அதே ஆட்டத்தில் மறுபடியும் 90 கெஜம் ஓடினார். ஜெயித்தது 32–26 என்று மயிரிழையில்தான். அந்த சீசனில் அவர்களுக்கு மூச்சு முட்டிய ஒரே ஆட்டம் அது. மற்றதெல்லாம் 39–2, 42–7 என்று ஒருதலைப்பட்சம்.

மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜினோ மார்ச்செட்டி இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். கல்லூரியில் சேர மோட்டார் சைக்கிளில், தோல் ஜாக்கெட்டோடு வந்து இறங்கியதைப் பார்த்து கோச் ஜோ குஹாரிக் முகம் சுளித்தாராம். பாப் செயின்ட் கிளேர் ஆறடி ஒன்பது அங்குலம், பச்சை இறைச்சி சாப்பிடுவதற்குப் பேர் போனவர். தடுப்பில் பர்ல் டோலர். இவர்களைப் பற்றிப் பத்திரிகைகளுக்குச் செய்தி எழுதிக்கொடுத்த இளைஞர் பீட் ரோசெல். பிற்பாடு தொழில்முறை ஃபுட்பாலின் தலைமை ஆணையராக ஏறத்தாழ 30 வருடம் இருந்தாரே, அவரேதான்.

நவம்பரில் ஸ்டாக்டனில் காலேஜ் ஆஃப் பசிபிக்கை 47–14 என்று அடித்தார்கள். இனி ‘பௌல்’ அழைப்பு வர வேண்டியதுதான் பாக்கி என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் காலத்தில் நாக்-அவுட், இறுதிப் போட்டி எல்லாம் கிடையாது. புத்தாண்டை ஒட்டிச் சில ஊர்களில் பௌல் ஆட்டம் நடக்கும், நடத்துகிற கமிட்டி யாரைக் கூப்பிடுகிறதோ அவர்கள் ஆடலாம். ரோஸ் பௌல் பெரிய கூட்டமைப்புகளுக்கு (கல்லூரி அணிகள் சேர்ந்து வைத்திருக்கும் குழுக்கள்) என்று ஒதுக்கப்பட்டது, டான்ஸ் எந்தக் கூட்டமைப்பிலும் இல்லை. மிச்சமிருந்தவற்றில் பேச்சில் அடிபட்டவை ஆரஞ்சு, சுகர், கேட்டர். மூன்றும் நிறவெறி ஊறிய தெற்கு மாநிலங்களில்.

சிக்கல் அங்கேதான். மாட்சனும் டோலரும் கறுப்பர்கள்.

அவர்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வருவதானால் பேசலாம் என்று சேதி வந்தது. கடிதமாக யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இந்த மாதிரி விஷயத்தை யார் எழுதுவார்கள்? கமிட்டிக்காரர்கள் வெளியே சொன்ன காரணம், நீங்கள் மோதிய அணிகள் சோப்ளாங்கிகள் என்பது. நியாயமாகப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒன்பதில் இரண்டு ஆட்டம் ராணுவ முகாம் அணிகளோடு, சான் ஹோசே ஸ்டேட்டோடு மட்டுமே இரண்டு முறை. ஆனால் இவர்களிடம் 47–14 என்று உதை வாங்கிய பசிபிக் அணிக்கு டெக்சாஸில் நடந்த சன் பௌல் ஆட அழைப்பு கிடைத்ததே! அதற்கு என்ன சொல்வது?

காலமும் அப்படி. அதே அக்டோபரில் ஓக்லஹோமாவில் நடந்த ஒரு ஆட்டத்தில் ஜானி பிரைட் என்ற கறுப்பின ஆட்டக்காரரின் தாடையை, பந்து அவர் கையில் இல்லாதபோதே அடித்து உடைத்தார்கள். அதைப் படம் பிடித்த பத்திரிகைக்காரர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

சேதி வந்தபோது டான்ஸ் என்ன செய்தார்கள்? பல வருடம் கழித்து அவர்கள் கொடுத்த பேட்டிகளில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: ஓட்டெடுப்பெல்லாம் நடக்கவில்லை, அந்த இருவரும் இல்லாமல் போவதில்லை, அவ்வளவே. இருபது வயசுப் பையன்கள். எனக்கு இதில் பிடித்ததே அந்த ஆர்ப்பாட்டமில்லாத தன்மைதான். இன்று இதைச் சொல்கிறவர்கள் பின்னணி இசை போட்டுச் சொல்கிறார்கள். கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அவர்கள் விட்டது ஆட்டத்தை மட்டும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் இயேசு சபை நடத்தும் சின்ன நிறுவனம், நம் சென்னை லயோலா, திருச்சி செயின்ட் ஜோசப் மாதிரி. ஃபுட்பாலில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஒரு பௌல் ஆட்டத்தின் வருமானம் வந்திருந்தால் கடனை ஓரளவு அடைத்திருக்கலாம். வரவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே ஃபுட்பாலுக்கு மூடுவிழா. செயின்ட் கிளேர் கடைசி வருடத்தை ஆட டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதாயிற்று.

அப்புறம் என்ன ஆனார்கள்? அந்த அணியிலிருந்து ஒன்பது பேர் தொழில்முறை லீகில் ஆடினார்கள். மாட்சன், மார்ச்செட்டி, செயின்ட் கிளேர் மூன்று பேரும் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது தொழில்முறை ஃபுட்பால் ஜாம்பவான்களின் கௌரவப் பட்டியலில், இருக்கிறார்கள். ஒரே வருடத்துக் கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர்! மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். கேசர் மைதானத்தின் ஆடுகளத்துக்கு இப்போது செயின்ட் கிளேர் பெயர்தான்.

டோலர் கதை வேறு. 1952-இல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போய்விட்டது, தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, தலைமையாசிரியரும் ஆனார். 1965-இல் ரோசெல் ஆணையராக இருந்தபோது, அந்த லீகின் முதல் கறுப்பின நடுவராகக் களத்தில் இறங்கினார். 25 சீசன் விசில் ஊதினார்.

டான்ஸ் கடைசியாக ஆடியது 1951 நவம்பரில், பாசடினாவில், ரோஸ் பௌல் மைதானத்தில். லாஸ் ஏஞ்சலஸ் லயோலாவை 20–2 என்று ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். 1980 ஜனவரியில் தொழில்முறை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நடந்ததும் அதே மைதானத்தில்தான். கூட்டம் நூறாயிரத்துக்கும் மேல். நடுவர்களின் கோடு போட்ட சட்டையில் டோலர் நின்றிருந்தார்.