சண்டை வீரரா, அணி வீரரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டு வீரர்களின் பயிற்சி முறைகள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஒரு சந்தேகம். என் தம்பி லீக் அளவில் கால்பந்து ஆடுகிறான், நடுக்களத்தில். தொண்ணூறு நிமிடமும் சளைக்காமல் ஓடுவான். போன மாதம் ஒரு பாக்ஸிங் பயிற்சிக்கூடத்தில் ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சிச் சண்டை) செய்து பார்த்தான். இரண்டாவது ரவுண்டிலேயே கை தூக்க முடியாமல், மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டான். அன்றிலிருந்து ‘சண்டை போடுகிறவர்கள்தான் உண்மையான அத்லெட்’ என்கிறான். 2004-ல் ஈஎஸ்பிஎன் வெளியிட்ட ‘கடினமான விளையாட்டுகள்’ பட்டியலில் குத்துச்சண்டைக்குத்தான் முதலிடம் என்று ஆதாரமும் காட்டுகிறான். நண்பர்களோ கூடைப்பந்து, ரக்பி வீரர்களின் உடல் எந்தச் சண்டை வீரருக்கும் வராது என்கிறார்கள். எது சரி? அவன் பாக்ஸிங்கைத் தொடர ஆசைப்படுகிறான். கால்பந்து கெடாமல் அதை எப்படிச் செய்வது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் தம்பி இரண்டாவது ரவுண்டில் உட்கார்ந்ததற்கு உடல்தகுதிக் குறைவு காரணமில்லை. இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனை விஓ2 மேக்ஸ் என்று அளக்கிறார்கள். தொழில்முறைக் கால்பந்து வீரர்களுக்கு இது பெரும்பாலும் கிலோவுக்கு 55 முதல் 65 மில்லிலிட்டர் வரை இருக்கும். முதல்தரக் குத்துச்சண்டை வீரர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இதயம், நுரையீரல் அளவில் இரு தரப்புக்கும் பெரிய இடைவெளி இல்லை. பிறகு ஏன் தம் போயிற்று?

தாங்குதிறன் என்பதில் பெரும்பகுதி பழக்கிய தசையில்தான் இருக்கிறது. பல வருடம் ஓடியதால் உங்கள் தம்பியின் தொடையிலும் கெண்டைக்காலிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகியிருக்கும், தோளில் அப்படி இருக்காது. ஸ்பாரிங்குக்கு வழக்கமாகப் போடும் 16 அவுன்ஸ் கையுறை ஒவ்வொன்றும் 450 கிராமுக்கு மேல். அதை மூன்று நிமிடம் கன்னத்தருகே தூக்கிப் பிடிப்பதே பழகாத தோளுக்குப் பெரிய வேலை. அதோடு இறுக்கமும் சேர்கிறது. தசை தன் முழு பலத்தில் பாதிக்கு மேல் இறுகி நின்றால், உள்ளே போகும் ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். புதியவர் அடிக்காத நேரத்திலும் தோளையும் முஷ்டியையும் இறுக்கியே வைத்திருப்பார். அனுபவசாலியின் கை கடைசிக் கணம்வரை தளர்வாக வந்து, படும்போதுதான் இறுகும்.

மூச்சும் முக்கியம். அடி வரும்போது தம் கட்டுவது மனித இயல்பு. நான்கு அடி கொண்ட தொடருக்குத் தம் கட்டி, பதிலடிக்கும் தம் கட்டினால், ஒரு ரவுண்டில் பாதி நேரம் ஒழுங்கான மூச்சே இருக்காது. பழகியவர்கள் ஒவ்வொரு குத்துக்கும் ‘ஸ்ஸ்’ என்று மூக்கு வழியாகவோ பல்லிடுக்கு வழியாகவோ காற்றைச் சிறிதாக வெளியேற்றுவது இதற்காகத்தான்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம், வேகத்தை யார் தீர்மானிக்கிறார் என்பது. நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் கடக்கிறார். அதில் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் பாய்வது சில நூறு மீட்டர்தான். மீதி நடை, மெல்லோட்டம், நடுத்தர ஓட்டம். எப்போது பாய்வது, எப்போது மூச்சு வாங்கிக்கொள்வது என்பதை ஓரளவு அவரே முடிவு செய்கிறார். ரிங்கில் அந்த உரிமை எதிராளி கையில் இருக்கிறது. நீங்கள் களைத்தது தெரிந்தால் அந்த நொடியிலேயே அவர் வேகத்தைக் கூட்டுவார். பந்தை இன்னொருவருக்குக் கடத்திவிட்டு ஒதுங்கவும் முடியாது, மாற்று வீரரும் கிடையாது.

இதைக் கடிகாரக் கணக்காகவும் பார்க்கலாம். முழு வேகப் பாய்ச்சலின் முதல் சில நொடிகளுக்குத் தசை பயன்படுத்துவது அதற்குள்ளேயே சேமித்துவைத்த பாஸ்போகிரியேட்டினை. அது செலவான பிறகு பாதியளவு திரும்ப ஏறச் சுமார் அரை நிமிடம் ஆகும், ஏறக்குறைய முழுதாக ஏற மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு நகர்வு ஐந்து நொடி போல நீடிக்கும், அடுத்ததற்கு முன் அரை நிமிடமாவது கிடைக்கும். ஐஸ் ஹாக்கியில் முக்கால் நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். மல்யுத்தத்தில் மூன்று நிமிடம், முப்பது நொடி இடைவெளி, மறுபடி மூன்று நிமிடம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ-யில் ஐந்து நிமிட ரவுண்ட், ஒரு நிமிட ஓய்வு. சேமிப்பு நிரம்ப நேரமே கிடைக்காமல் சர்க்கரையை ஆக்சிஜன் இன்றி உடைத்து ஓட்ட வேண்டியிருப்பதால், மல்யுத்தப் போட்டி முடிந்ததும் ரத்த லாக்டேட் (அப்படி உடைக்கும்போது சேரும் பொருள்) லிட்டருக்கு 10 மில்லிமோலைத் தாண்டுவது சாதாரணம், 15-க்கு மேலும் போகும். கால்பந்து ஆட்டத்தின் நடுவே எடுத்தால் பெரும்பாலும் அதில் பாதிகூட இருக்காது.

ஆக, எதிர்த்துத் தள்ளும் ஒரு உடலோடு, அரைகுறை ஓய்வில், திரும்பத் திரும்ப முழு பலத்தைக் காட்டும் திறனில் சண்டை வீரர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பிடிபலத்திலும் மல்யுத்த, ஜூடோ வீரர்களை அணி விளையாட்டுக்காரர்கள் நெருங்குவது கடினம்.

இங்கே நிறுத்தினால் தம்பி சொல்வது சரியாகிவிடும். ஆனால் உச்ச வேகம், குதிக்கும் உயரம், பெரிய உடம்பை வேகமாக நகர்த்தும் ஆற்றல் ஆகியவற்றில் அணி வீரர்கள் தெளிவாக முன்னால் இருக்கிறார்கள். சர்வதேசக் குத்துச்சண்டை ரிங்கின் கயிற்றுக்குள் ஒரு பக்கம் 6.1 மீட்டர். உச்ச வேகத்தை எட்ட மனிதனுக்கு முப்பது, நாற்பது மீட்டராவது ஓட வேண்டும். ரிங்கில் அதற்கு இடமே இல்லாததால், அந்தத் திறனுக்காக யாரையும் தேர்ந்தெடுப்பதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் டிகே மெட்கால்ஃப் 100 கிலோவைத் தாண்டிய உடம்போடு 2021-ல் ஒரு தடகளப் போட்டியில் 100 மீட்டரை 10.36 நொடியில் ஓடினார். தடகள வீரர்களுக்கு நடுவே தன் தகுதிச்சுற்றில் அவர் கடைசியாகத்தான் வந்தார். ஆனாலும் அந்த எடையில் அந்த வேகம் காட்டும் ஹெவிவெயிட் (மிகக் கனமான பிரிவு) சண்டை வீரர் ஒருவரும் என் நினைவுக்கு வரவில்லை.

எடைப்பிரிவு இதை இன்னும் மறைக்கிறது. சண்டை விளையாட்டில் உடம்பைப் பெரிதாக்குவதால் ஆதாயம் இல்லை, அடுத்த பிரிவில் இன்னும் பெரியவரைச் சந்திக்க வேண்டிவரும். கூடைப்பந்திலும் ரக்பியிலும் பெரிதாகவும் வேகமாகவும் இருப்பவருக்கே இடம். உயரமும் பாய்ச்சலும் சேர்ந்த இளைஞர்களை இந்த விளையாட்டுகள் சிறு வயதிலேயே அள்ளிக்கொள்கின்றன. லைட்வெயிட், வெல்டர்வெயிட் போன்ற எடை குறைந்த பிரிவுகளில் குத்துச்சண்டையின் தரம் அபாரமாக இருப்பதற்கும், ஹெவிவெயிட்டில் ஆழம் குறைவாக இருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

துறை மாறியவர்களைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். நேட் ராபின்சன் 175 சென்டிமீட்டர் உயரத்தோடு அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-யின் டங்க் போட்டியை (எகிறிக் குதித்துப் பந்தை வளையத்துக்குள் அழுத்துவது) மூன்று முறை வென்றவர். அந்தக் கால்களின் வெடிப்பு அபூர்வமானது. 2020-ல், யூடியூபிலிருந்து குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலுடன் குத்துச்சண்டை போட்டபோது இரண்டாவது ரவுண்டில் நாக்அவுட் ஆனார். கால் பலம் எங்கே போயிற்று? பின்கைக் குத்து தொடங்குவது பின்காலின் முன்பாதத்தில். அது தரையைத் தள்ளும், குதிகால் திரும்பும், இடுப்பு சுழலும், தோள் பின்தொடரும், முழங்கை வெளியே விரியாமல் முஷ்டி நேராகப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் காலின் பலம் முஷ்டிக்கு வந்து சேராது. சோவியத் குத்துச்சண்டை வீரர்களிடம் நடத்தி 1985-ல் வெளியான ஆய்வு ஒன்றில், உயர்தர வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு 38 சதவீதம் போல இருந்தது, கீழ்நிலை வீரர்களிடம் 17 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. புதியவர் தோளிலிருந்து அடிக்கிறார். எவ்வளவு உயரம் குதித்தாலும் அது மாறாது.

மறுபக்கம் ஸ்டீபன் நீல். 1999-ல் ஃப்ரீஸ்டைல் மல்யுத்த உலகச் சாம்பியன். கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து ஆடியதே இல்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியில் கார்டாக ஆடி மூன்று சூப்பர் பவுல் (அதன் தொழில்முறை லீக்கின் இறுதிப்போட்டி) வென்றார். கார்டின் வேலை எதிரே நிற்கும் ஒருவரை இடுப்பைத் தாழ்த்தி, கைகளை உள்பக்கம் நுழைத்து நகர்த்துவது, மல்யுத்தத்துக்கு மிக நெருங்கிய வேலை. ப்ராக் லெஸ்னரும் கல்லூரி மல்யுத்தச் சாம்பியன்தான். 2004-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் முயன்று, சீசன் தொடங்கும் முன்பே கழற்றிவிடப்பட்டார். 2008-ல் எம்எம்ஏ அமைப்பான யுஎஃப்சி-யின் ஹெவிவெயிட் பட்டத்தை வென்றார். உடம்பு எவ்வளவு பெரியது என்பதைவிட, புதிய வேலை பழைய வேலைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

ஈஎஸ்பிஎன் பட்டியலுக்கு வருகிறேன். எட்டுப் பேர் குழு 60 விளையாட்டுகளுக்குப் பத்துத் திறன்களில் பத்துக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டியது. குத்துச்சண்டைக்கு 72.375. அதில் தாங்குதிறன் 8.63, வேகம் 6.38, நெகிழ்வு 4.38. துணிச்சலுக்கு 8.88, அடி தாங்குவதற்கு 8.5. கடைசி இரண்டும் மதிக்கத்தக்க குணங்கள். ஆனால் அவற்றை வேகத்துக்குச் சமமாக எடைபோட்டால் அடிபடும் விளையாட்டுகள் மேலே ஏறத்தான் செய்யும். தாடையில் அடி வாங்கியும் நிற்பதை நான் உடல்தகுதியில் சேர்க்க மாட்டேன். கழுத்தை வலுப்படுத்தலாம், மூளையைப் பழக்க முடியாது. அந்தப் பட்டியல் விளையாட்டு எவ்வளவு கடினம் என்று கேட்டது. வீரர் எவ்வளவு தகுதியானவர் என்பது வேறு கேள்வி.

எந்த நாளில் அளக்கிறோம் என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. அணி வீரர் சீசன் முழுக்க, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆட்டமாக, ஒரே மட்டத்தில் நிற்க வேண்டியவர். சண்டை வீரர் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் முகாமிட்டு ஒரு நாளுக்காக உச்சத்துக்கு வருகிறார், முகாம் முடிந்ததும் இறங்கிவிடுகிறார். எடை குறைப்பும் இருக்கிறது. கடைசி வாரத்தில் உடல் எடையில் ஐந்து சதவீதம், அதற்கு மேலும் நீராக இழப்பவர்கள் ஏராளம். மல்யுத்தத்தில் எடை பார்ப்பது போட்டி நாள் காலையில். இரண்டு நாள் போட்டி என்றால் இரண்டு காலையும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் இறுதிப்போட்டி நாளில் 50 கிலோவுக்கு 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதியிழந்ததை எல்லோரும் பார்த்தோம். நீரிழந்த உடம்பில் ரத்தத்தின் அளவு குறைந்து இதயத்துடிப்பு கூடும், தாங்குதிறன் சரியும். அந்த நாளில் அளந்து ஒப்பிடுவது நியாயமே ஆகாது.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஒரே எடையுள்ள இருவரை, இருவரும் தத்தம் உச்சத்தில் இருக்கும்போது, நான்கு சோதனைகளில் பாருங்கள்: 30 மீட்டர் ஓட்டம், செங்குத்துக் குதிப்பு, கிரிக்கெட் தேர்வுகளில் அடிபடும் யோ-யோ (வேகத்தைக் கூட்டிக்கொண்டே முன்னும் பின்னும் ஓடும் சோதனை), பிறகு ஐந்து நிமிடம் வீதம் மூன்று சுற்று மல்யுத்தப் பிடி. முதல் மூன்றும் பெரும்பாலும் அணி வீரருக்கே போகும், நான்காவதில் அவர் இரண்டாம் சுற்றுக்கு வருவதே அரிது. சண்டை வீரரைத் திடீரென மைதானத்தில் இறக்கினாலும் இதே கதிதான். முழு வேக ஓட்டத்தில் பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் பின்தொடைத் தசை நீண்டுகொண்டே இறுக வேண்டும். அதற்குப் பழகாதவருக்கு முதல் சில வாரங்களிலேயே அது கிழியும் வாய்ப்பு அதிகம்.

இனி உங்கள் தம்பிக்கு. நான்கு வாரம் ஸ்பாரிங் வேண்டாம். வாரம் இரண்டு நாள், மூன்று நிமிடம் வீதம் ஆறு ரவுண்ட், இடையில் ஒரு நிமிடம்: இரண்டு ஷேடோ (காற்றில் குத்துவது), இரண்டு பை (தொங்கும் குத்துப்பை), இரண்டு பேட் (பயிற்சியாளர் கையில் பிடிக்கும் மெத்தை). பையில் 15 நொடி பலமாக, 45 நொடி லேசாக. லேசான பகுதியில் தோள் காதை நோக்கி ஏறுகிறதா என்று யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்கிப்பிங்கை இரண்டு நிமிடம் வீதம் மூன்று முறைக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். கால்பந்தில் ஏற்கெனவே உழைத்த கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் அது கூடுதல் சுமை. ஐந்தாவது வாரத்திலிருந்து ஜேப் (முன்கையால் நேராகப் போடும் குத்து) மட்டும் போட்டு, அரை வேகத்தில், ஒத்துழைக்கும் துணையோடு இரண்டு ரவுண்ட். எண்ணிக்கையைப் பிறகு கூட்டலாம். பல்காப்பு இல்லாமல் ரிங்குக்குள் ஏறக் கூடாது.

ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் பாக்ஸிங் வேண்டாம், ஆட்டத்துக்கு மறுநாளும் வேண்டாம். ஸ்பாரிங் செய்த நாளில் தலையால் பந்தை முட்டும் பயிற்சியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மூளைக்கு இரண்டும் ஒரே கணக்கில்தான் சேரும். தலையில் அடிபட்ட பின் தலைவலி, மயக்கம், வெளிச்சம் கூசுவது, பேச்சில் தடுமாற்றம் என எது வந்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் அனுமதிக்கும்வரை ரிங்கும் கிடையாது, மைதானமும் கிடையாது.

அன்புடன்,
ஆசிரியர்